எருமைகளை விற்கச் சொன்ன மகனுக்கு

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு மனம் வரவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். நேற்றுக் காலையில் நான் சாணி அள்ளிக்கொண்டிருந்தபோது யாரோ ஒருவர் கேட்காமல் கொள்ளாமல் கொட்டகைக்குள் வந்து நின்றார். பெரிய எருமையின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தார். அடுத்ததன் முதுகைத் தட்டினார். யாருங்க நீங்க என்றேன். "பெங்களூர்ல இருந்து தம்பி போன் பண்ணுனாருங்க. மூணையும் குடுத்துர்றதாச் சொன்னாரு. வண்டி எப்ப கொண்டாரட்டும்?" என்றார். என் கொட்டகையில், என் கையில் சாணி இருக்கும்போதே, என் எருமையை ஓட்டிப்போக ஒரு தரகர் வந்து நிற்கிறார். அனுப்பியவன் நான் பெற்ற பிள்ளை. அவரை என்ன சொல்லி அனுப்பினேன் என்பதை நீ அவரிடமே கேட்டுக்கொள். உன்னிடம் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் "அம்மா, ஒரு நிமிஷம்" என்று நீ யாரோடோ பேசப் போய்விடுவாய். திரும்பி வரும்போது எனக்குக் கோபம் ஆறியிருக்கும். இந்தக் கோபம் ஆறுவதை நான் விரும்பவில்லை. இதை ஏன் எல்லோரும் படிக்கிற மாதிரி பத்திரிகைக்கு எழுதுகிறாய் என்று நீ கேட்பாய். என்னைக் கேட்காமல் என் முகத்தை உலகத்துக்கே வீடியோவில் காட்டினாயே, அதனால்தான்.

படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். செட்டிகுளத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கொஞ்சம் நிலம் இருக்கிறது; சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் மாற்றி மாற்றிப் போடுகிறோம். உன் அப்பா நீ காலேஜில் படிக்கும்போதே தவறிவிட்டார். அதிலிருந்து நானும் எருமைகளும்தான். இரண்டு வேளையும் கறந்து பால் சொசைட்டியில் ஊற்றுகிறேன். நீ பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாய். கல்யாணத்துக்கு அப்புறம் நீயும் உன் மனைவி ரேவதியும் பாலை விட்டீர்கள். தயிர், மோர், நெய், தேன் எல்லாவற்றையும் விட்டீர்கள். வீகன் என்று அதற்குப் பெயர் சொன்னாய். அப்போது நான் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. உன் வாய், உன் வயிறு. நீ வரும்போதெல்லாம் கருவேப்பிலையை நல்லெண்ணெயில் தாளித்தேன், மோர்க்குழம்பை மறந்தேன். என் சண்டை அதைப் பற்றியது அல்ல. நீ சாப்பிடாததால் எனக்குக் கோபம் என்று உன் கூட்டாளிகளிடம் சொல்லிக்கொண்டு திரியாதே.

இந்தச் சித்திரையில் நீ லீவு போட்டுவிட்டு வந்தாய். கார் டிக்கியைத் திறந்ததும் நான் சீர்வரிசையோ என்று நினைத்தேன். அட்டைப்பெட்டி மேல் அட்டைப்பெட்டி. கடலையையோ முந்திரியையோ தண்ணீரோடு போட்டால் தானே அரைத்து, தானே காய்ச்சி, பாலாக்கிக் கொடுக்கும் ஒரு ஜக்கு மெஷின். கேரட்டை நூல் நூலாகச் சீவும் ஒன்று. எண்ணெய் இல்லாமல் பொரிக்கும் ஒன்று. சோளப்பொரி போடும் ஒன்று. கட்டம் கட்டமாக ரொட்டி சுடும் வாஃபிள் மெஷின். கரடி, நட்சத்திரம், மீன் உருவத்தில் ஐஸ் ஊற்றுகிற ரப்பர் அச்சுகள். உறைய வைத்த வாழைப்பழத்தை மேலே திணித்தால் கீழே ஐஸ்கிரீமாக வழிய விடும் ஒன்று. "எதுக்குடா இத்தன?" என்று கேட்டதற்கு, "சும்மா ஜாலிக்குத்தாம்மா. நாம ரெண்டு பேரும் சேந்து செஞ்சு பாப்போம்" என்றாய். நாம ரெண்டு பேரும் என்று நீ சொன்னது என் காதில் தேனாக விழுந்தது. தேனும் உனக்கு ஆகாது என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

பொய் சொல்ல மாட்டேன். அந்த நாட்கள் எனக்குப் பிடித்திருந்தன. உன் அப்பா போனதற்குப் பிறகு அந்த அடுப்படியில் நான் அவ்வளவு சிரித்ததில்லை. பொரி பொரிக்கிற மெஷினில் நான் மச்சிலிருந்து நம் மக்காச்சோளத்தை அள்ளிப் போட்டேன். கோழித் தீவனத்துக்குப் போகிற சோளம் பொரியுமா? கல் உருட்டுகிற மாதிரி சத்தம் போட்டுக் கருகி, வீடு முழுக்கப் புகை. பக்கத்து வீட்டுச் செல்வி அடுப்படி தீப்பிடித்துவிட்டதென்று குடத்தோடு ஓடிவந்தாள். "என்னக்கா, தம்பி வூட்டுல ஃபேக்டரி வெச்சிருச்சா?" என்று அவள் கேட்டதும் நீ தரையில் உட்கார்ந்து சிரித்தாய். கேழ்வரகு மாவில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு வாஃபிள் சுட்டோம். தேங்காய்ப்பாலில் கருப்பட்டி கரைத்துக் கரடி அச்சில் ஊற்றினோம். கரடியின் காதைக் கடித்து நான் பல் கூசி முகத்தைச் சுளித்தபோது நீ மறுபடி சிரித்தாய். அந்தக் கருப்பட்டிக் கரடி அருமையாக இருந்தது. தெருப் பிள்ளைகள் தினமும் கதவைத் தட்டின. வறுத்த கடலையை அரைத்து நீ செய்த மிட்டாயைச் செல்வி வீட்டுக்கு முந்தானையில் கட்டிக்கொண்டு போனாள். வாழைப்பழ மெஷினில் பூவன் பழத்தைப் போட்டால் புளிப்பு தூக்கலாக இருக்கிறது, கற்பூரவல்லிதான் சரி என்று கண்டுபிடித்தது நான். அந்தச் சந்தோஷத்தில் பால் இல்லையே என்று நான் ஒரு நாளும் நினைக்கவில்லை. அதுவே நீ எதிர்பார்த்தது என்பது எனக்குத் தெரியவில்லை.

நீ எப்போது கேமராவை ஜன்னலில் வைத்தாய் என்றுகூட நான் கவனிக்கவில்லை. நீ ஊருக்குப் போய்க் கொஞ்ச நாள் கழித்துச் செல்வியின் மகள் போனைக் கொண்டுவந்து காட்டினாள். நான் வாஃபிள் திருப்புகிறேன், கரடியைக் கடிக்கிறேன். எல்லாம் சரி. கடைசியில் நீ கேமராவைப் பார்த்து, "எங்க அம்மா மாறிட்டாங்க. இனிமே அவங்களுக்குப் பால் தேவையில்ல" என்கிறாய். நான் எப்போது மாறினேன்? நீ ஜன்னலோரம் தனியாகப் பேசியதைப் போன் பேச்சு என்று நினைத்தேன்; அப்போது பின்னால் கொட்டகையில் எருமை கத்தியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தண்ணீர் காட்டும் நேரம். வீடியோவில் அந்தச் சத்தம் இல்லை. அதை வெட்டி எடுத்துவிட்டாய். மறுநாள் சொசைட்டிக்குப் போனால், "என்னக்கா, நீங்க பால விட்டுட்டதா வீடியோல வந்துச்சு. அப்ப இது யாரு பாலு?" என்று ஒருத்தர் தூக்குவாளியைக் காட்டிக் கேட்கிறார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்போதும் நான் உனக்குப் போன் போட்டுத் திட்டவில்லை. பிள்ளை ஆசையில் ஏதோ சொல்லிவிட்டான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பெற்றவளுக்கே உரிய முட்டாள்தனம் அது.

ஆவணியில் பெரம்பலூரில் உன் புது வீட்டுக் கிரகப்பிரவேசம். பெரிய எருமை நிறைமாதம், அதைச் செல்வி பொறுப்பில் விட்டுவிட்டு, இளையதன் பாலைத் தூக்குவாளி நிறையக் கறந்து, மஞ்சள் பூசி, பூச்சுற்றி, நீ அனுப்பிய காரில் எடுத்துக்கொண்டு வந்தேன். மகன் கட்டிய வீட்டில் என் கொட்டகைப் பால் பொங்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருக்காதா? வாசலிலேயே நீ மறித்தாய். "அம்மா, இது உள்ள வேண்டாம். கார்லயே வெச்சிட்டு வா." மெதுவாகத்தான் சொன்னாய். ஆனால் என் அண்ணன் கேட்டார், அண்ணி கேட்டார், உன் சித்தப்பா கேட்டார். ரேவதி மட்டும் ஓடிவந்து, "அத்தை, குடுங்க, நான் வெச்சிட்டு வரேன்" என்று வாங்கிக்கொண்டு போனாள். அந்தப் பெண்ணுக்கு இருந்த கூச்சம் உனக்கு இல்லை. விசேஷம் முடிந்து பார்த்தபோது வெயிலில் காருக்குள் இருந்த பால் திரிந்து போயிருந்தது. கைப்பிடியில் சுற்றிய பூ வாடித் தொங்கியது. அதைப் பெரம்பலூர்ச் சாக்கடையில் நான்தான் கொட்டினேன்.

உள்ளே என்ன நடந்தது என்பதை நீ மறந்திருக்கலாம், உறவுக்காரர்கள் மறக்கவில்லை. அடுப்பு மேடையில் அந்த ஜக்கு மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூப் போட்டு நிறுத்தியிருந்தாய். முந்திரியும் தண்ணீரும் உள்ளே. நல்ல நேரம் வந்ததும் பட்டனை அழுத்தினாய். அது மிக்ஸி மாதிரி இரைந்தது. அப்புறம் அடங்கியது. அப்புறம் மறுபடி இரைந்தது. எல்லோரும் கை கூப்பிக்கொண்டு மூடியையே பார்த்துக்கொண்டு நின்றோம். கீச் கீச் என்று கத்திவிட்டுப் பச்சை விளக்கு எரிந்தது. உன் சித்தப்பா கழுத்தை நீட்டி, "பொங்கிருச்சாப்பா?" என்றார். நீ பெருமையாக, "பொங்காது சித்தப்பா. பொங்கி வழியாம இருக்கத்தான் இதுல சென்சார் வெச்சிருக்காங்க" என்றாய். என் அண்ணி என் காதில் விழுகிற மாதிரியே, "பொங்காம இருக்கறதப் பாக்கவா விடியக்காலம் பஸ் ஏறி வந்தோம்?" என்றார். பின்னால் யாரோ சிரிப்பை அடக்க இருமினார்கள். எனக்கும் வேறு யார் வீட்டிலாவது இது நடந்திருந்தால் சிரிப்பு வந்திருக்கும். ஒரு மண்பானையில் தேங்காய்ப்பாலை ஊற்றி விறகடுப்பில் வைத்திருந்தால்கூடப் பொங்கியிருக்குமடா. என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை. உனக்கு நம் வழக்கமும் வேண்டும், அதைச் செய்ய மெஷினும் வேண்டும்.

அதோடு விட்டாயா? முந்திரிப்பாலைச் சின்னச் சின்னக் கப்பில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே எல்லோர் முன்னாலும் சொன்னாய்: "அம்மா மாட்டையெல்லாம் குடுத்துட்டு இங்கயே வந்துர்றாங்க. மாடியில அவங்களுக்கு ரூம் போட்டாச்சு." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் முதல் தடவையாக அதைக் கேட்கிறேன் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. கப்பைக் கையில் வைத்துக்கொண்டு நானும் தலையை ஆட்டினேன். மகனை நாலு பேர் முன்னால் பொய்யன் ஆக்க மனம் வராமல் ஆட்டினேன். அந்த நிமிஷத்தில்தான் சித்திரை மாதம் எனக்குப் புரிந்தது. நீ என்னோடு இருக்க வரவில்லை. பால் இல்லாமலும் என் நாள் போகும் என்று எனக்குக் காட்ட வந்தாய். கரடியும் நட்சத்திரமும் காட்டிக் குழந்தையிடமிருந்து பொருளைப் பிடுங்குகிற மாதிரி, என்னிடமிருந்து எருமைகளைப் பிடுங்க வந்தாய். வீட்டை எழுதி வாங்கியது, நிலத்தை விற்றது என்று எத்தனையோ பிள்ளைகள் பெற்றவளை ஏமாற்றியிருக்கிறார்கள். ஆனால் என்னோடு உட்கார்ந்து சிரித்ததையே ஏமாற்றாக மாற்றியவன் நீ ஒருத்தன்தான். அதை நான் மன்னிக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் இந்தக் கடிதம் அழகாக இருக்கும், ஆனால் அது உண்மை இல்லை.

அன்று சாயங்காலம் உறவுக்காரர்கள் போனபின், போர்ட்டிகோவில் நான் கேட்டேனே, ஏன்டா என்னைக் கேட்காமல் சொன்னாய் என்று. உனக்கு முழங்கால் வலிக்கிறது என்றாய். எனக்கு வலிக்கிறது, உண்மை. எருமைகளை விற்றால் முழங்கால் வலி அவற்றோடு வண்டி ஏறிப் போய்விடுமா? அப்புறம் உன் மனதில் இருந்ததைச் சொன்னாய். "அது கன்னுக்குட்டிக்குப் போக வேண்டிய பாலும்மா. கிடாக்கன்னு பொறந்தா அத என்ன பண்றோம்னு உனக்குத் தெரியாதா?" எழுந்து போய்ப் பஸ் ஏறிவிட்டேன். நீ ஜெயித்துவிட்டதாக நினைத்திருப்பாய்.

தெரியும். எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? எருமையில் கிடாக்கன்று பிறந்தால் ஏரும் ஓட்டாது, பாலும் தராது. கொஞ்ச நாளில் தரகர் வருவார். எங்கே போகிறது என்று அவர் சொல்ல மாட்டார், நானும் கேட்க மாட்டேன். கயிற்றை மட்டும் அவிழ்த்து வாங்கி வைத்துக்கொள்வேன். அதற்குப் பின் தாய் எருமை வாசலைப் பார்த்துக் கத்தும். நீ பள்ளிக்கூடம் போய்விடுவாய், உன் அப்பா வயலுக்குப் போய்விடுவார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வீட்டில் இருந்தவள் நான். ஆகவே உன் பேச்சில் உண்மை இல்லை என்று நான் சொல்லவில்லை. சரியான விஷயத்தைச் சொன்னாய். அதனால்தான் எழுந்து பஸ் ஏறினேன்.

ஆனால் அப்படிச் சொன்ன அதே வாயால் தரகருக்குப் போன் போட்டாயே, அதை எப்படியடா செய்தாய்? பால் நின்ற கிழட்டு எருமையையும், நிறைமாதமாக நிற்கிற பெரியதையும், இளையதையும் அந்த மனிதர் வாங்கிக்கொண்டு போய்க் கொலுவிலா வைப்பார்? கிடாக்கன்றை ஏற்றிக்கொண்டு போகிற வண்டியும் அவர் வண்டிதான், போகிற பாதையும் அதே பாதைதான். ஒரு கப் தயிரில் பாவம் பார்க்கிறவன் மூன்று உயிரை வண்டி ஏற்றும்போது யோசிக்க மாட்டாயா? யோசித்திருப்பாய். யோசித்துவிட்டு, நம் கண் முன்னால் இல்லாமல் போனால் போதும் என்று முடிவு செய்திருப்பாய். உன் வீடியோவில் எருமைச் சத்தம் கேட்கக் கூடாது, அவ்வளவுதான் உனக்கு வேண்டியது. நான் கன்றை விற்றபோது என்னிடம் வேறு வழி இல்லை. உனக்கு என்ன வழியில்லாமல் போனது?

பெற்றவள் எழுதும் கடிதம் என்றால் புத்திமதி இருக்க வேண்டும் என்பார்கள். சரி, சொல்கிறேன். நீ எதை வேண்டுமானாலும் விடு, பிடித்துக்கொள். ஆனால் அடுத்தவர் விட்டதாக நீ போய்ச் சொல்லாதே. ரேவதியிடமும் இந்த வேலையைக் காட்டிவிடாதே. அவள் என்னை மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு நிற்க மாட்டாள், நிற்கவும் வேண்டாம். யாருக்காவது அன்பாக ஒரு பொருள் வாங்கிக் கொடுத்தால், அதற்குப் பதிலாக அவர்கள் எதை இழக்க வேண்டும் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு கொடுக்காதே. உன்னை எருமைப் பாலை விற்றுத்தான் படிக்க வைத்தேன் என்று நான் சொல்லிக் காட்ட மாட்டேன். அதைச் சொன்னால், "அம்மா எப்பவும் இப்படித்தான்" என்று நீ சுலபமாகத் தப்பித்துக்கொள்வாய். உன்னைத் தப்பிக்க விடுகிற எண்ணம் எனக்கு இல்லை.

உன் மாடி ரூமுக்கு நான் வரப்போவதில்லை. அதில் உன் அட்டைப்பெட்டிகளை அடுக்கிக்கொள். மெஷின்களைத் திருப்பி அனுப்புவேன் என்று எதிர்பார்க்காதே, அவை இங்கேதான் இருக்கும். தெருப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை கருப்பட்டி ஐஸ் ஊற்றுகிறேன். உன்மேல் உள்ள கோபத்துக்கு அந்தப் பிள்ளைகள் என்ன செய்யும்? அந்த வீடியோவை எடுத்துவிடு. எடுக்க முடியாதென்றால், என் அம்மா மாறவில்லை, நான்தான் பொய் சொன்னேன் என்று அதே கேமராவைப் பார்த்துச் சொல். அதுவரை நீ போன் செய்தால் நான் எடுக்க மாட்டேன்.

இதை எழுதி முடித்து மடிக்கலாம் என்று இருந்தேன். இன்று விடியும்போது பெரிய எருமை கன்று போட்டுவிட்டது. கொஞ்சம் சிரமப்பட்டது, செல்வியும் நானும் சேர்ந்துதான் இழுத்தோம். கிடாக்கன்று. ஈரத்தோடு எழுந்து நிற்கப் பார்த்து, முன்னங்கால் மடங்கி விழுந்து, மறுபடியும் எழுந்து மடியைத் தேடிப் போனான். சீம்பாலில் ஒரு சொட்டு நான் எடுக்கவில்லை, முழுக்க அவன் குடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். செல்வி, "தரகருக்குச் சொல்லி வெக்கட்டுமாக்கா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அவன் இங்கேயே வளரட்டும். உனக்குப் பயந்து இதைச் செய்யவில்லை. உன்னைச் சந்தோஷப்படுத்தவும் செய்யவில்லை. ஒரு தடவையாவது அந்தச் சத்தத்தைக் கேட்காமல் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, செய்தேன்.

ஆனால் வேலைக்கும் ஆகாத, பாலுக்கும் ஆகாத ஒரு கிடாவுக்கு வருஷக்கணக்காகச் சோளத்தட்டை அறுத்துப் போட என் முழங்கால் தாங்காது. அந்த முழங்காலைப் பற்றித்தான் உனக்கு அவ்வளவு கவலை ஆயிற்றே. இனி அவன் உன் பொறுப்பு. விடியக்காலம் எழுந்து சாணி அள்ள வேண்டும், தண்ணீர் காட்ட வேண்டும், மழையில் நனையாமல் கட்ட வேண்டும். மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு நீ வந்து இதையெல்லாம் செய்தால், மற்ற நாட்களில் நான் பார்த்துக்கொள்கிறேன். நீ வராவிட்டால் தரகர் நம்பர் உன்னிடம்தான் இருக்கிறது. அவனை ஏற்றிப்போகச் சொல்லி நீயே பேசு. வண்டி வரும்போது நீயே வந்து கயிற்றை அவிழ்த்துக் கொடு.